மாவாலை முதலாளி மூட்டிய விளக்கு

பதினாறாம் நூற்றாண்டினரான மென்னோ ஸைமன்ஸின் பெயரால் வழங்கும் கிறித்துவப் பிரிவினர் மெனோனைட்டுகள். படைக்கலம் ஏந்தாமை, சத்தியம் செய்யாமை, எளிய வாழ்வு ஆகியன அவர்தம் நெறி. அரசியற் பதவியை நாடுதல் அவருள் பலர்க்கு உடன்பாடன்று. 1800ஆம் ஆண்டையொட்டிப் பென்சில்வேனியாவினின்றும் கனடாவுக்குப் பெயர்ந்து, இன்றைய ஒண்டாரியோ மாநிலத்தின் வாட்டர்லூப் பகுதியில் காடு திருத்திக் கழனியாக்கியோர் அவர்களே. அம்மரபில் 1842இல் தோன்றியவர் எலையஸ் ஸ்னைடர்.

1871இல் செயின்ட் ஜேக்கப்ஸ் என்னும் சிற்றூரின் மாவாலையை அவர் வாங்கினார். அரைகல்லை விடுத்து உருளைகளால் கோதுமை அரைக்கும் புதுமுறையைக் கனடாவில் முதன்முதல் கையாண்டோருள் அவர் ஒருவர். வணிகத்தில் பெற்ற நன்மதிப்பு அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. 1881 முதல் 1894 வரை வடக்கு வாட்டர்லூவின் உறுப்பினராக லிபரல் கட்சியில் விளங்கினார்.

எனினும், அவர்தம் பெரும்பணி பதவி நீங்கிய பின்னரே அமைந்தது. ஒண்டாரியோவின் தொழிற்சாலைகள் பென்சில்வேனிய நிலக்கரியை நம்பியிருந்தன. 1902இல் அங்குள்ள சுரங்கத் தொழிலாளர் பல திங்கள் வேலைநிறுத்தம் செய்தனர், கரி அருகியது. நயாகரா அருவியில் மின்சாரம் எடுக்கும் உரிமையோ தனியார் கைப்பட்டிருந்தது. பெருநகரமாகிய டொராண்டோவுக்கு அது கிட்டும், சிற்றூர்கட்கு எட்டுமா?

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே வாட்டர்லூ வணிகர் கூட்டத்தில் ஸ்னைடர் ஒரு வழி கூறியிருந்தார். எழுபது மைலுக்கும் அப்பாலுள்ள அருவியிலிருந்து கம்பி இழுத்தல் ஓர் ஊரால் ஆகாது. பல ஊர்கள் ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்துகொண்டால் ஆகும் என்பதே அது. அவரைப் போன்றே மெனோனைட்டு மரபினரான டேனியல் டெட்வைலர் ஊர்தோறும் சென்று ஆதரவு திரட்டினார். 1903இல் சட்டம் பிறந்தது. ஊர்கள் அமைத்த ஆணைக்குழுவுக்கு ஸ்னைடர் தலைவரானார்.

1906இல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. மின்சார அமைப்பை ஊர்களே கூட்டாக உடைமையாகக் கொள்ளவேண்டும் என்பது ஸ்னைடரின் கருத்து. ஆனால் விட்னி அரசாங்கம் அவ்வாண்டே மாநில மின்சார ஆணையத்தை நிறுவி, ஆடம் பெக்கைத் தலைவராக்கியது. 1910 அக்டோபர் 11ஆம் நாள், பின்னர்க் கிச்சனர் எனப் பெயர் மாறிய பெர்லின் நகரில் நயாகராவின் விளக்குகள் எரிந்தன.

பெக்கின் ஊக்கமும் உழைப்பும் மறுக்கற்பாலன அல்ல. டொராண்டோவில் அவருக்குச் சிலையும் உண்டு. ஆயினும், தனித்து நின்றால் இருளில் கிடப்போம், கூடினால் ஒளி பெறுவோம் என்று சிற்றூர்களுக்கு முதலில் உணர்த்தியவர், 1921இல் மறைந்த அந்த மாவாலை முதலாளியே என்பதும் மறக்கற்பாலதன்று.