சோம்பலும் சோர்வும்

தமிழில் மடி என்றொரு சொல் உண்டு. அயர்வு என்று மற்றொரு சொல்லும் உண்டு. செய்ய வல்லான் ஒருவன் செய்யாதிருத்தல் மடி. செய்தற்குரிய வலி குன்றியிருத்தல் அயர்வு. திருவள்ளுவரும் மடியின்மையை 61-ஆம் அதிகாரத்திலும் மருந்தினை 95-ஆம் அதிகாரத்திலும் வைத்து, குணத்தின் குறையையும் உடலின் குறையையும் வெவ்வேறிடத்திற் பேசினார். ஆயினும் உலக வழக்கில் இவ்விரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. காலையில் எழத் தாமதிப்பவனும், மாலையில் பந்தாட்டக் களத்திற்கு வாராதவனும், மலைப்பாதையில் நடுவழியே அமர்ந்துவிடுபவளும் யாதோர் ஆராய்ச்சியுமின்றிச் சோம்பேறிப் பட்டம் பெறுகின்றனர். இப்பட்டம் பலர்க்குப் பொருந்தாது என்பதையும், அதனைத் தெளிவித்த ஆராய்ச்சிகளுள் ஒன்று நீலகிரி மலையிலேயே நிகழ்ந்தது என்பதையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

சோர்வுக்குக் காரணம் தேடுங்கால் நாம் முதலில் பழக்கங்களையே வினவுகின்றோம். இரவில் நெடுநேரம் விழித்திருந்தனையோ? வேளைக்கு உண்ணாது விட்டனையோ? தீய பழக்கம் ஏதேனும் உண்டோ? இவை நல்ல வினாக்களே. பலருடைய சோர்வு இவற்றினுள் அடங்கிவிடும். ஆனால் வேளை தவறாது உண்டு, எட்டு மணி நேரம் உறங்கி, எவ்வகைத் தீய பழக்கமுமின்றி ஒழுகியும், விடியும்போதே களைத்து எழுகின்ற மாணவ மாணவியர் எந்த விடுதியிலும் சிலர் உளர். விளையாட்டு மணி ஒலிக்கும்; அவர் கால்கள் எழா. மனம் வைத்தால் முடியும் என்று பிறர் கூறக் கேட்டுக் கேட்டு, முடிவில் அவர் தம்மைத் தாமே இகழத் தொடங்குவர். அந்நிலை நோயினும் கொடிது. ஆதலின் பழக்கங்களை வினவிய பின்னர் வினவ வேண்டிய வேறொன்று உண்டு. அது குருதி.

குருதியிலுள்ள செவ்வணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் இருக்கின்றது. நுரையீரலிற் பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு தசைகளுக்கும் மூளைக்கும் சுமந்து செல்வது இதுவே. இதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. வளர்ந்த ஒருவருடைய உடலில் உள்ள இரும்பனைத்தையும் திரட்டினால் மூன்று அல்லது நான்கு கிராமே தேறும். ஒரு சிற்றாணியின் எடைதான். இச்சிறு பொருள் குறையுமாயின் ஹீமோகுளோபினும் குறையும். பிராணவாயு போதாமையால் இதயம் விரைந்து துடிக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் குருதியில் ஆடவர்க்கு 13 கிராமும், மகளிர்க்கு 12 கிராமும், கருவுற்றார்க்கு 11 கிராமும் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த எல்லை. இதனிற் குறைவதே இரத்தசோகை. 2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 53.4 பேர் இந்நிலையில் இருந்தனர். அஃதாவது, இரு பெண்களுள் ஒருத்திக்குச் சோர்வடைய உடலிலேயே காரணம் இருந்தது!

இச்சோகையின் வரலாற்றில் குன்னூருக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. 1907-இல் நிறுவப்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், 1918-ஆம் ஆண்டில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் ஒரேயோர் அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வறையே வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாயிற்று. பின் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகின்றது. மெக்காரிசன் இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் கலந்த சீக்கியருணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை நாட்டுணவை உண்டவை மெலிந்தன. வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்னும் உண்மையை அவ்வெலிகள் உணர்த்தின. வேளைக்கு உண்கின்றேனே, எனக்கேன் சோர்வு என்று வினவும் மாணவர் முதலில் எண்ணத்தக்கது இதுவே.

அக்கூடத்திற்கு 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் வந்தார். அவர் அதற்கு முன் பம்பாயில் கருவுற்ற ஏழை மகளிரை வருத்திய ஒருவகைக் கடுஞ்சோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். செல்வ மகளிர்க்கு அந்நோய் அரிதாயிருத்தலைக் கண்டு, அதற்கு உணவே காரணமாகலாம் என்று துணிந்தார். குன்னூரில் ஆறு மாதம் தங்கி, அவ்வேழை மகளிருணவை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்தார். பின்னர்க் குரங்குகளிலும் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. ஈஸ்ட் என்னும் நொதியினின்று எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான சாறு அச்சோகையைத் தீர்த்தல் கண்டு, 1931-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அக்காலத்தில் சோகைக்குக் கொடுத்துவந்த ஈரல் மருந்தோ ஏழைகள் வாங்கவியலாத விலையது. ஈஸ்டில் மறைந்திருந்த அப்பொருளுக்கு 'வில்ஸ் காரணி' என்றே பெயர் வழங்கிற்று. 1941-இல் அமெரிக்க அறிஞர் பசலைக்கீரை இலைகளினின்று அத்தகைய பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இன்று பள்ளிச் சிறார்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அரசு வழங்கும் மாத்திரையில் இரும்போடு இவ்வமிலமும் சேர்ந்திருக்கின்றது. ஆய்வுக்கூடம் மலையிறங்கிப் போயினும் அதன் பயன் மலைச் சிற்றூர்களுக்கும் மீண்டு வந்துகொண்டிருத்தல் மகிழ்தற்குரியது.

இதுகாறும் கூறியது வலிமை பற்றியது. விருப்பம் பற்றி என் சொல்வது? உடல் தளர்ந்தாலும் ஊக்கம் நம் கையிலன்றோ என்று கேட்போர்க்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்து 1979-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விடை கூறுகின்றது. சோகையுற்ற கொழுந்து பறிக்கும் பெண்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு இரும்பு மருந்தும் மறுபகுதியார்க்கு மருந்தல்லாத மாத்திரையும் கொடுத்தனர். ஒரு மாதத்தில், இரும்பினால் ஹீமோகுளோபின் உயர்ந்தவர் முன்னினும் மிகுந்த கொழுந்து பறித்தனர். சோகை மிக்கிருந்தவரிடத்து ஏற்றமும் மிக்கிருந்தது. அதனினும் வியப்பானது மற்றொன்று. அவர்களுடைய அன்றாட நடமாட்டத்தைக் கருவிகொண்டு அளந்தபோது, யாரும் ஏவாமலே மருந்துண்டவர் மிகுதியாக நடமாடினர். நாம் மனத்தின் உறுதி என்று எண்ணுவதில் ஒரு பங்கு குருதியினின்றும் வருகின்றது என்பது இதனாற் போதரும். தன் விருப்பமின்மையை மட்டும் நோக்கி, தான் சோம்பனா நோயாளியா என்று ஒருவன் முடிவு செய்தல் இயலாது.

நீலகிரி மக்களுக்கு இச்செய்தி அயலார் செய்தியன்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்தினின்று திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதித் தோட்டங்களிற் குடியேறின. சரிவில் நின்று கொழுந்து பறித்து, கூடையைச் சுமந்து, நிறுவைக்கு நிற்கும் பெண்ணுக்கு அவள் பறித்த எடையே மதிப்பு. எடை குறைந்த நாளில் அவள் கேட்கும் சொல் 'சோம்பேறி' என்பதாயின், அச்சொல் எத்துணைக் கொடியது!

இனி, நல்ல பழக்கமுடையார்க்கும் இரும்பு குறைவதேன் என்பதைப் பார்ப்போம். உடல் முதலில் தன் சேமிப்பைச் செலவிடும். அது தீர்ந்த பின்னரே ஹீமோகுளோபின் குறையும். சேமிப்பை அறிவிக்கும் பொருள் பெரிட்டின் எனப்படும். ஆகவே ஹீமோகுளோபின் சரியாயிருந்தும் பெரிட்டின் குறைந்து, அதனாற் சோர்வு தோன்றுதலும் உண்டு. மாதவிலக்கில் மிகுந்த உதிரம் போக்கும் மகளிர்க்கு இது எளிதில் நேரும். மரக்கறி உணவிலுள்ள இரும்பை உடல் சிறிதளவே ஏற்கும்; அதனோடு தேநீரையும் பருகினால், தேநீரின் துவர்ப்புப் பொருள் அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு மேலும் குறைக்கும். தேயிலையால் வாழும் மலையைச் சேர்ந்த யாம் தேநீரைப் பழிக்கின்றோமல்லேம்; உணவோடு பருகாது ஒரு மணி நேரம் கழித்துப் பருகுக என்பதே எம் வேண்டுகோள். நெல்லிக்கனியும் எலுமிச்சையும் கொய்யாவும் உணவோடு சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பார் உடலிற் புகும் கொக்கிப்புழு குடலிலிருந்து குருதியை உறிஞ்சும். இதுவும் தோட்டங்களில் நெடுங்காலம் அறியப்பட்ட காரணமே. இறைச்சி, மீன், முட்டை, பால் யாவும் நீக்கினார்க்குப் பி12 என்னும் வைட்டமின் குறைந்தும் சோகை வரும்.

மலையின் உயரமும் எண்ணத்தக்கது. உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் மேலுள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையினும் ஏறத்தாழக் காற்பங்கு குறைவு. சமவெளியினின்று சென்றவர் சின்னாள் இளைப்பது இயல்பு. உடல் அதற்கு ஈடாக மிகுதியான ஹீமோகுளோபினை ஆக்கிக்கொள்ளும். அதற்கும் இரும்பு வேண்டும். ஆதலின் சென்னையிற் போதுமான அளவு உதகையிற் போதாததாகலாம். மலைவாழ்நர்க்குச் சோகையின் எல்லையை உயர்த்திக் கணிப்பதும் இது பற்றியே.

இவ்வளவும் படித்து, யாரும் தாமே இரும்பு மாத்திரை வாங்கி உண்ணத் தொடங்குதல் வேண்டா. சோகை எல்லாம் ஒன்றல்ல. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் அறிஞர் இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடத்து அரிவாள் வடிவச் செவ்வணுக்கள் இருத்தலைக் கண்டு வெளியிட்டனர். பிறப்பில் வரும் அந்நோய் இரும்பினால் தீர்வதன்று. வேண்டாத இரும்பு உடலிற் சேர்ந்து தீங்கும் விளைக்கும். ஆடவர்க்கும் முதியோர்க்கும் இரும்பு குறையின், வயிற்றிலோ குடலிலோ மறைவாகக் குருதி கசிகின்றதா என்று மருத்துவர் ஆராய்தல் வேண்டும். தைராய்டுச் சுரப்பி தளர்ந்தாலும், நீரிழிவு தோன்றினாலும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டாலும் சோர்வு வரும். குருதி நன்றாயிருந்தும், முன் உவந்த எதுவும் உவப்பளிக்காமல் வாரக்கணக்கில் மனம் இருண்டிருப்பின், அது மனச்சோர்வு என்னும் நோயாகலாம். அதற்கும் மருத்துவம் உண்டு, அதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

நண்பர்களே! மடி என்பது உலகில் இல்லை என்று யாம் கூறவில்லை; அதனை எளிதில் அறிந்துவிடலாம் என்பதையே மறுக்கின்றோம். சின்னாட் களைப்பு ஓய்வினால் தீரும். நன்கு உண்டும் உறங்கியும் இரண்டு மூன்று வாரங்களாகத் தீராத சோர்வு இருக்குமாயின், அதனைக் குணத்தின்மேல் ஏற்றாமல் மருத்துவரிடம் கொண்டு செல்க. ஹீமோகுளோபினை அறியச் சில துளிக் குருதி போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அச்சோதனை செய்கின்றனர். விளையாட்டுத் தலைவர்களாயும் விடுதிப் பொறுப்பாளர்களாயும் உள்ளோர், களத்திற்கு வாராத தோழரைப் பற்றி ஒரு சொல் கூறுமுன், 'குருதி பார்த்தாயா?' என்று ஒருமுறை கேட்பாராக. அவ்வொரு கேள்வி சிலர்க்கு உடல்நலத்தையும், மற்றும் பலர்க்கு இழந்த தன்மதிப்பையும் மீட்டுத் தரும்.