பேரேடு அழிந்தால் என்ன செய்வது?

மொத்த வியாபாரக் கடையில் கணக்கப்பிள்ளை கணக்கு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் எழுதுவார். பிறகே பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிவார். பேரேட்டைக் கரையான் அரித்துவிட்டாலும், அதன் பழைய பிரதி ஒன்றும், அதற்குப்பின் எழுதிய குறிப்பேடும் இருந்தால் நிலுவை முழுவதையும் மீண்டும் கண்டுவிடலாம் அல்லவா? வணிக நிறுவனங்களின் கணிப்பொறித் தரவுத்தளத்தைக் காப்பதும் இதே தத்துவந்தான்.

திட்டம் வகுக்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை வேண்டும். விபத்து நேர்ந்தால் எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழக்கலாம்? எவ்வளவு நேரத்துக்குள் வேலை மீண்டும் தொடங்க வேண்டும்? இவற்றின் விடைகளே கால அட்டவணையை நிர்ணயிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஞாயிறு இரவு முழு நகல். மற்ற இரவுகளில், ஞாயிறுக்குப் பின் மாறியவற்றின் நகல் மட்டும். 15 நிமிடங்களுக்கு ஒருமுறை குறிப்பேட்டின் நகல். வியாழன் பகல் 11.40க்கு வட்டு பழுதாகிறது எனக் கொள்வோம். ஞாயிறு நகலை ஏற்றி, அதன்மேல் புதன் இரவு நகலை ஏற்றி, பிறகு குறிப்பேட்டை 11.30 வரை வரிசையாகப் பதிய வேண்டும். இழப்பு 10 நிமிடப் பதிவுகளே. ஆனால் இடையில் ஒரு குறிப்பேடு தவறினாலும் அதற்குப் பிந்தியவை பயன்படமாட்டா.

‘இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதிவந்தால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. தவறான கட்டளை ஒன்று இரண்டையும் ஒரே கணத்தில் அழித்துவிடுமே!

மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர், துணைக் கணிப்பொறி என்று எண்ணி முதன்மைக் கணிப்பொறியில் அழிப்புக் கட்டளை கொடுத்துவிட்டார். உடனே நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே மிஞ்சியது. தினசரி நகலைத் தேடினார்கள். அது எடுக்கப்படவே இல்லை! தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, நகலெடுக்கும் நிரலோ 9.2ஆம் பதிப்பாக ஓடி, ஒவ்வொரு முறையும் தவறியிருந்தது. அதை அறிவித்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் போனவை போனவையே.

ஆகவே நகல் எடுத்தால் மட்டும் போதாது. ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறையேனும் அதை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, கூட்டுத்தொகை ஒத்துவருகிறதா, எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று சோதிக்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத நகல், திறந்து பார்க்காத பூட்டுக்குச் செய்த மாற்றுச் சாவிதான்.