பூகோளப் பட்டமும் கடன் கணக்கும்

பூகோளம் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்ற கேள்வி, பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாட்களில் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பல வீடுகளில் எழுகிறது. பெரியவர்களும் பெரும்பாலும் ஆராயாமலே விடை சொல்லி, அந்தச் சாஸ்திரத்தை வேறிடம் கிடைக்காதவர்களின் புகலிடமாகக் கருதிவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயம் நியாயமானதன்று. படிப்புக்கு ஆகும் செலவையும், படித்தபின் வரும் சம்பளத்தையும், இடையில் வாங்கும் கடனையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போமானால், பட்டதாரியை வருத்துவது பூகோளம் அன்று, யோசியாமல் வாங்கிய கடனே என்பது விளங்கும்.

நிலத்தை அளந்து படமாக வரையும் வித்தை நம் நகரத்துக்குப் புதியதன்று. 1794-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் பாரத தேசம் முழுவதையும் அளந்த மகா முக்கோண அளவை புறப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்தபோது, எந்தத் தெரு தாழ்ந்தது, எந்த வாய்க்கால் அடைபட்டது என்று காட்டும் துல்லியமான வரைபடம் எத்துணை அவசியம் என்பதை நகரம் முழுவதும் உணர்ந்தது. ஆயினும் ஒரு வித்தையின் பிரயோஜனம் பெரிதாக இருப்பதாலேயே அதைக் கற்றவரின் வருமானமும் பெரிதாகிவிடுவதில்லை. ஆகையால் சம்பளத்தைத் தனியே நோக்குவோம்.

பூகோளப் பட்டதாரிகளுக்கு நெடுங்காலமாக ஆதரவளித்து வருவது ஆசிரியத் தொழிலே. பி.எட். படிப்புடன் தகுதித் தேர்விலும் நியமனத் தேர்விலும் வென்று அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயிலும், முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயிலும் தொடங்குகிறது. அகவிலைப்படி அதற்கு மேல். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்ந்தவர் மாதம் 37,000 ரூபாய் பெறுகிறார். கல்லூரி உதவிப் பேராசிரியரின் தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய். இவை கௌரவமான ஊதியங்கள்தாம்; ஆனால் நியமன அறிவிப்பு எப்போது வரும் என்பது எவர் கையிலும் இல்லாததால், காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியார் துறையிலோ நிலைமை வேறு. பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பார்த்துக் கணினியில் கோடு போடும் டிஜிட்டைசிங் வேலைக்குப் போட்டி மிகுதியாதலால் தொடக்கச் சம்பளம் சொற்பமாகவே இருக்கிறது. ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் அமைப்பு மென்பொருளோடு நிரல் எழுதவும், தொலையுணர்வுத் தரவுகளைப் பகுத்தாயவும் கற்றவரே அந்தப் படியைக் கடந்து மேலேறுகிறார்.

இனிச் செலவு. 1840-இல் தோன்றிய மாநிலக் கல்லூரியிலும், 1914-இல் மயிலாப்பூர்க் கடற்கரையில் நிறுவப்பெற்ற ராணி மேரிக் கல்லூரியிலும் பூகோளம் இளங்கலைப் பாடமாக உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்களிடம் கற்பிப்புக் கட்டணம் வாங்கப்படுவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. ஆகவே இங்கே பி.எஸ்ஸி. முடிப்பவர் கடனாளியாக வெளிவர வேண்டிய அவசியமே இல்லை. கடன் பெரும்பாலும் பிறப்பது அடுத்த கட்டத்தில், தனியார் பல்கலைக்கழகத்து ஜிஐஎஸ் முதுகலைக்கோ அயல்நாட்டுப் பட்டத்துக்கோ ஆசைப்படுகையில்தான்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை. பெற்றோர் உடன் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தபின் தவணை தொடங்குகிறது. 15 ஆண்டுகள் வரை கட்டலாம். அந்தத் தவணைகளின் தன்மையை நன்கு ஆராய வேண்டும். தவணை தொடங்கும் நாளில் 4 லட்சம் பாக்கி, வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். ஏழாண்டில் தீர்ப்பவருக்கு மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய், மொத்த வட்டி ஏறக்குறைய 1.58 லட்சம், பதினைந்தாண்டில் தீர்ப்பவருக்குத் தவணை சுமார் 4,300 ரூபாயாகக் குறைகிறது, ஆனால் வட்டியோ 3.74 லட்சமாக, இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது. எளிதாகத் தோன்றும் சிறு தவணையே வாழ்க்கையின் சிறந்த ஆண்டுகளை நெடிது பிணிக்கும் கயிறாகிறது. மேலும், 4.5 லட்சத்துக்கு உட்பட்ட ஆண்டு வருமானமுள்ள குடும்பங்களுக்காக மத்திய அரசு 2009-இல் வகுத்த வட்டி மானியம் தொழிற்படிப்புகளுக்கும் தொழில்நுட்பப் படிப்புகளுக்குமே உரியதாதலால், வெறும் பூகோளப் பட்டத்துக்கு அதை நம்பியிருக்க இயலாது.

ஆதலின் பூகோளத்தில் விருப்பமுள்ள மாணவர்களுக்கு நான் கூறத்தக்கது இது: இளங்கலையைக் கடனின்றி அரசுக் கல்லூரியில் முடியுங்கள், கடன் வாங்கியே தீரவேண்டுமாயின், அந்தப் படிப்பு எந்தப் புதிய திறமையைத் தரும், அந்தத் திறமைக்கு முதலாண்டில் யார் என்ன சம்பளம் தருகிறார்கள் என்பதை அங்கே படித்து வெளிவந்தவர்களிடமே விசாரித்து, தவணை அந்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்று உறுதியான பின்பே கையெழுத்திடுங்கள். அரசுக்கும் ஒரு கடமை உண்டு. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வாட்டும் நாட்டில், ஒவ்வொரு மாநகராட்சியிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் பூகோளப் பட்டதாரிகளுக்கென்று நிரந்தரப் பதவிகளை உண்டாக்குவது தர்மம் அன்று, தற்காப்பு. அந்தப் பதவிகள் தோன்றிவிட்டால், பிள்ளை விரும்பிய பாடத்தைத் தடுக்கப் பெற்றோருக்கும் காரணம் இராது.