குளிசையை நிறுத்திய பின் மாதவிடாய் பிந்துகிறதா?

"டொக்டர், நான் குளிசை போட்டதாலைதான் பிள்ளை தங்கேல்லை எண்டு மாமி சொல்லுறா." கண் கலங்கியபடி இப்படிச் சொல்லும் இளம் பெண்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். மாமியைக் கோபித்துப் பயனில்லை. ஊரில் எங்கள் வீடுகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. ஆனால் உண்மை வேறு.

கருத்தடைக் குளிசை கருப்பையைப் பழுதாக்குவதில்லை. எடுக்கும் காலத்தில் மட்டும் சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. 21 நாள் குளிசை எடுத்து 7 நாள் விடும்போது வரும் இரத்தப்போக்கு, ஓமோன் குறைவதால் வருவது. அது இயற்கையான மாதவிடாய் அல்ல. ஆகவே அக்காலத்தில் நாள் தவறாமல் வந்ததை வைத்து, உடல் ஒழுங்காக இருந்தது என்று சொல்ல முடியாது.

நிறுத்திய பின் பலருக்கு 4 முதல் 6 வாரங்களில் மாதவிடாய் வந்துவிடும். முதல் 3 மாதங்கள் நாள் முன்பின்னாகலாம். போக்குக் கூடலாம், வயிற்றுநோவும் வரலாம். பயப்பட வேண்டாம். (3 மாதத்துக்கொரு முறை போடும் கருத்தடை ஊசி வேறு. அதன் பின் ஒரு வருடம் வரைகூடத் தாமதமாகலாம்.)

3 மாதமாகியும் வரவில்லையா? முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். முட்டை வெளிவந்த பிறகே மாதவிடாய் வரும். எனவே ஒரு முறையும் வராமலே கர்ப்பம் தரிக்கலாம். கர்ப்பம் இல்லையென்றால் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். சூலக நீர்க்கட்டிகள், தைரொயிட் கோளாறு, உடல் எடை மாற்றம், கடும் மன அழுத்தம் போன்றவை காரணமாகலாம். குளிசைக்கு முன்பும் உங்களுக்கு ஒழுங்கில்லாமல் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். குளிசை அந்தக் கோளாறை உண்டாக்கவில்லை, மறைத்து வைத்திருந்தது.

குழந்தைக்கு ஆயத்தமாகும் பெண்கள் கருத்தரிக்க முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்கத் தொடங்க வேண்டும். நீரிழிவு, வலிப்பு உள்ளோருக்குக் கூடிய அளவு தேவைப்படலாம், வைத்தியரைக் கேளுங்கள். ஒரு வருடம் முயன்றும், 35 வயதைத் தாண்டியவர்களுக்கு 6 மாதம் முயன்றும் தங்காவிட்டால், கணவன் மனைவி இருவருமே பரிசோதிக்க வேண்டும். காரணம் ஆணிடமும் இருக்கலாம்.

மருமகள் விரும்பினால் மாமியும் கூட வரட்டும். எங்கள் அறையில் இன்னொரு கதிரை இருக்கிறது.