கத்திக்கு மருந்து... கடைக்கு ஒண்ணு!

'சவரக்கத்தி' (2018) படத்துல முடிதிருத்துபவரா நடிச்ச இயக்குநர் ராமை ஞாபகம் இருக்கா? படத்தோட பேர்ல இருக்குற அந்தக் கத்தியை நம்மள்ல எத்தனை பேர் நேர்ல பார்த்திருக்கோம்? இன்னைக்கு சலூன்ல நம்ம தாடையில ஓடுறது அது இல்ல பாஸ். அது அரை பிளேடை ஒடிச்சுச் சொருகுற ஹோல்டர். நிஜ சவரக்கத்திக்கு பிளேடு மாத்துற வேலையே கிடையாது. அதுவேதான் பிளேடு. மழுங்கினா தீட்டணும், அவ்வளவுதான்.

அந்தக் கத்தி ஏன் காணாமப் போச்சு? 1986-ல் சென்னையில டாக்டர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. பாதிப்புகளைக் கண்டுபிடிச்சாங்க. அடுத்து வந்த வருஷங்கள்ல எய்ட்ஸ் பிரசாரம் சலூன் வாசல் வரைக்கும் வந்தது. 'ஆளுக்கொரு புது பிளேடு' வழக்கமாச்சு. நியாயமான மாற்றம்தான். ஆனா பரம்பரையா வந்த கத்திகள் அடைப்பத்துக்குள்ள (கத்தி, கத்தரி வைக்கிற பைக்கு அதுதான் பேர்) படுத்தது படுத்ததுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமிங்கிறதால ஒரு லாபம். காத்துல ஈரம் கம்மி, துருவும் கம்மி. கடலோர ஊர்ல இத்தனை வருஷம் சும்மா கிடந்திருந்தா கத்தி கரைஞ்சே போயிருக்கும்!

சரி, ஒரு பழைய கத்தி கைக்கு வந்துடுச்சுன்னு வைங்க. முதல்ல கழுத்தைப் பாருங்க. ஷெஃபீல்டா, சோலிங்கனா, முத்திரை அங்கேதான் இருக்கும். அடுத்து முனை. நடுவுல துரு இருந்தா கவலை இல்ல. முனையிலேயே குழி விழுந்திருந்தாலோ, மயிரிழை விரிசல் இருந்தாலோ ஷோகேஸ்ல வெச்சுடுங்க. அது முகத்துக்கு ஆகாது.

அடுத்தது எல்லாரும் பண்ற தப்பு. தெருவுல சாணை பிடிக்கிற அண்ணன்கிட்ட நீட்டுறது! அரிவாளுக்கும் கத்தரிக்கும் அவர்தான் ராஜா. ஆனா சவரக்கத்தியோட முனை காகிதத்தை விட மெல்லிசு. சக்கரத்துல வெச்ச நொடியில சூடேறிடும். கிட்டத்தட்ட 300 டிகிரியில இரும்பு நீலம் பாயும். நீலம் பாஞ்சா பதம் போச்சு, பிறகு எந்தக் கல்லுல தீட்டினாலும் கூர் நிக்காது. மெட்டலர்ஜி பேப்பர்ல 'டெம்பரிங்'னு ரெண்டு மார்க்குக்கு எழுதுறோமே, அதேதான்.

அப்போ என்ன வேணும்? 'சவரக்கத்தி சரி பண்ற சாமான்'னு கேட்டா அருப்புக்கோட்டை பஜார் முழுக்க ஒரு கடையிலயும் கிடைக்காது. ஆனா வேற வேற தொழிலோட பேரைச் சொல்லிக் கேட்டா ஒவ்வொண்ணா வெளியே வரும். கார் பெயின்ட் கடையில 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர். ("எந்த வண்டிக்கு தம்பி?"னு கேட்டாங்க. கத்திக்குன்னு சொன்னதும் ஒரு பார்வை பார்த்தாங்க.) படத்துக்கு ஃப்ரேம் போடுற கடையில தடிமனான கண்ணாடித் துண்டு. கல்லை விடச் சமதளம், அதுமேல வாட்டர் பேப்பரை ஒட்டித் தேய்க்கலாம். துருவை இளக்க மண்ணெண்ணெய், கிடைக்கலைன்னா தையல் மெஷின் ஆயில். ஒரு ராத்திரி ஊறட்டும். புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க, அது பித்தளைக் குத்துவிளக்குக்கு! இரும்பைக் கறுக்க வெச்சுடும்.

பிடிதான் பேஜார். பழைய பிடியைத் துணியால நல்லாத் தேய்ச்சு மோந்து பாருங்க. சூடம் வாசனை வந்தா அது செல்லுலாய்டு. சூடம் கலந்துதான் அதைச் செய்வாங்க. அது கெட ஆரம்பிச்சா அமில வாயு கசிஞ்சு கத்தியைத் துருவேத்தும், தீக்குச்சி பட்டா குப்புனு பிடிச்சுக்கும். கழட்டிடுங்க. மாத்துப் பிடிக்கு நம்ம ஊர் வில்லன் சீமைக்கருவேலமே போதும். வைரம் பாஞ்ச கட்டை காய்ஞ்சாலும் கோணாது. கோத்து அடிக்கிற ஆணிக்கு கேஸ் வெல்டிங் கடையில 1.6 மி.மீ. பித்தளை ராடு கேளுங்க. ஒரு ராடு இருந்தா ஊர்க் கத்திக்கெல்லாம் ஆணி அடிக்கலாம்.

இப்போ மெயின் பிக்சர்... தீட்டுறது. இந்தக் கத்தியோட டிசைன்லயே கோணம் ஒளிஞ்சிருக்கு. தடிமனான முதுகும் முனையும் ஒரே நேரத்துல கல்லைத் தொடுற மாதிரி படுக்க வெச்சுத் தள்ளினா போதும். முதுகு 4.7 மி.மீ., அகலம் 16 மி.மீ.னு வைங்க. கால்குலேட்டரைத் தட்டினா முனைக் கோணம் சுமார் 17 டிகிரி. ஜிக், ஃபிக்ஸ்சர் எதுவும் வேணாம். கத்தியே தனக்கு ஜிக்! முதுகுல ரெண்டு சுத்து டேப் ஒட்டினா கோணம் கூடிடும், அதையும் கணக்குப் போட்டுப் பாருங்க.

கடையில கிடைக்கிற ரெட்டைப் பக்க கார்போரண்டம் கல்லு இதுக்கு ரொம்பச் சொரசொரப்பு. 2000 நம்பர் பேப்பரோட துகளே சுமார் 10 மைக்ரான். முகத்துக்கு அரை மைக்ரான் அளவுக்காவது இறங்கணும். எவர்சில்வர் பாலிஷ் போடுற இடத்துல இருக்குற பச்சைக் கட்டி, அதாவது குரோமியம் ஆக்சைடு, கடைசி ரவுண்டுக்குச் சரி. நடுவுல இருக்குற இடைவெளிக்கு? மைக்ராஸ்கோப் சாம்பிளைப் பளபளப்பாக்க மெட்டலர்ஜி லேப்ல வைர பேஸ்ட் வெச்சிருப்பாங்க. 6, 3, 1 மைக்ரான்னு இறங்கும். லேப் அசிஸ்டென்ட் அண்ணனை ஐஸ் வைக்கிற திறமை உங்க பொறுப்பு.

கடைசியா வார். தறி ஊராச்சே, தறி உதிரிபாகக் கடையில தோல் பட்டை கிடைக்கும். ஆனா அது முரட்டுத் தோல், சரிப்படாது. மரப்பட்டையில பதப்படுத்தின தோல்தான் வேணும். செருப்பு தைக்கிறவர்கிட்ட விசாரிங்க. ஒரு காலத்துல தென்னிந்தியத் தோல் உலகம் பூரா போனதே ஆவாரம் பட்டையில பதப்படுத்தித்தான். திருச்சுழி ரோட்டோரத்துல மஞ்சளாப் பூத்து நிக்குதே, அதே ஆவாரை.

நம்ம ஊர் சரக்கு இதோட முடியல. இந்தியாவுல இருந்து போன 'வூட்ஸ்' உருக்கு ஏன் இவ்வளவு உறுதின்னு மண்டையை உடைச்சுக்கிட்டவர்ல ஒருத்தர் மைக்கேல் ஃபாரடே. ஆமா, நம்ம எலெக்ட்ரிகல் சிலபஸ் ஃபாரடேவேதான்! ஸ்டோடார்ட்ங்கிற கத்தி தயாரிப்பாளரோட சேர்ந்து 1820-ல் எஃகுக் கலவைகள் பத்தி ஆய்வுக் கட்டுரை போட்டார். உருக்குல ஐந்நூத்துல ஒரு பங்கு வெள்ளி சேர்த்தும் பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஷெஃபீல்டு கத்திகள்ல 'சில்வர் ஸ்டீல்'னு முத்திரை குத்துறது ஃபேஷனாச்சு.

ஒரு கண்டிஷன். சரி பண்ணின கத்தி உங்க ஒரு முகத்துக்கு மட்டும்தான். ரூம்மேட்டுக்குக் கடன் கிடையாது. எச்.ஐ.வி. மட்டுமில்ல, ஹெபடைட்டிஸ் பி-யும் ரத்தம் வழியாப் பரவும்.

சாமான் எல்லாம் சேர்ந்தும் எனக்குக் கை வரல. திருச்சுழிப் பக்கம் ஒரு பெரியவர்தான் காட்டிக் கொடுத்தார். கல்லுல முனை முன்னால போகணும், வார்ல முதுகு முன்னால போகணும். திருப்பும்போது முதுகு மேலயே புரட்டணும், முனையை உருட்டவே கூடாது. வாரை ஜன்னல் கம்பியில மாட்டி விறைப்பா இழுத்துப் பிடிச்சார். தொய்வு விட்டா முனை மழுங்கிடுமாம். எத்தனை தடவை இழுக்கணும்னு கேட்டேன். எண்ணமாட்டாராம், சத்தம் மாறும்போது நிறுத்திடுவாராம். அவரோட பசங்க யாரும் இதைக் கத்துக்கல. பிளேடு இருக்கும்போது எதுக்குன்னு கேட்டா அவர்கிட்டயும் பதில் இல்ல.

அவர் அடைப்பத்துல இருந்தது மூணு கத்தி. ரெண்டு ஏற்கெனவே பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போயிடுச்சு. மூணாவதைத் தர்றீங்களா தாத்தான்னு கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டார். வாரத்துக்கு ரெண்டு நாள் அவர் முகத்துக்கு இன்னும் அதுதான்.