ஐஸ்பெட்டி ஃபில்டரை எவ்வளவு நம்பலாம்?

ஈப்போவில் ஜெலாப்பாங், சிலிபின், மேரு பக்கத்துத் தாமான்களில் இப்போது பல வீடுகளில் இரட்டைக் கதவு ஐஸ்பெட்டி வந்துவிட்டது. கதவில் குவளையை வைத்து அழுத்தினால் ஜில்லென்று தண்ணீர் வரும். கடைக்காரர், "உள்ளேயே ஃபில்டர் இருக்கு, தனியா வாங்கத் தேவையில்ல" என்று சொல்லி விற்றிருப்பார். பிறகு ஒருநாள் வாடகை ஃபில்டர் விற்பவர் வாசலில் வந்து நின்று, "ஐஸ்பெட்டி ஃபில்டரை நம்பியா பிள்ளைங்களுக்குத் தண்ணி கொடுக்கறீங்க?" என்பார். இரண்டு பேருக்கும் விற்க வேண்டிய அவசரம். குடிக்கப்போகிற நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

குழாயில் வருவது எப்படிப்பட்ட தண்ணீர்?

எந்த ஃபில்டர் நல்லது என்று கேட்பதற்கு முன் எந்தத் தண்ணீருக்கு என்று கேட்க வேண்டும். ஈப்போ வட்டாரத்துக்கு லெம்பாகா ஆயர் பேராக் தண்ணீர் தருகிறது. உலு கிந்தாவில் சுல்தான் அஸ்லான் ஷா அணைக்கட்டு ஒன்று. பாரிட் பக்கம் பேராக் ஆற்றிலிருந்து எடுப்பது இன்னொன்று. சுத்திகரிப்பு நிலையத்தில் கசடைத் திரளவைத்து அடியில் இறக்கி, மணலில் வடித்து, குளோரின் கலந்து, பல்லுக்காக ஃபுளோரைடும் சேர்த்து அனுப்புகிறார்கள். சுகாதார அமைச்சு 1983 முதல் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறது. மலக் கிருமி அறவே கூடாது. காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமையும் இரும்பு 0.3 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது; குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். இவை நம் நாட்டுத் தர வரம்புகளில் சில.

ஆக, நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. கெடுவது வழியில்தான். நாட்டின் பல இடங்களில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்களும் துருப்பிடித்த இரும்புக் குழாய்களும் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. எங்காவது குழாய் வெடித்துப் பழுது பார்த்தால் மறுநாள் காலை தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். அடுத்தது வீட்டுக் கூரைத் தொட்டி. மூடி சரியாக இல்லாமல் பல்லி விழுந்து கிடந்தாலும் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் சமையலறைக் குழாய்க்கு மட்டும் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நேரே வரும். ஐஸ்பெட்டிக்குக் குழாய் இழுக்கும்போது அங்கிருந்துதான் இழுக்கச் சொல்ல வேண்டும். வசதியாக இருக்கிறதென்று பிளம்பர் குளியலறைக் குழாயில் இணைத்துவிட்டால் தொட்டித் தண்ணீரைத்தான் குடிப்பீர்கள்.

செம்மோர், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வளர்ந்த நம் பெரியவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி வேறு கவலை. அவர்கள் காலத்தில் கிணறு, ஆறு, லயத்துக் கோடியில் ஒரு பொதுக் குழாய். பயந்தது காலராவுக்கும் டைபாய்டுக்கும். தோட்ட முதலாளிகள் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொன்னது. அதற்கும் முன்பே பாட்டிமார்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தார்கள். கிருமிக்கு இன்றைக்கும் அதைவிட எளிய மருந்து கிடையாது. ஆனால் துரு, காரீயம், ரசாயனம் ஆகியவற்றைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் வற்றுவதால் அவற்றின் அளவு கொஞ்சம் கூடவே செய்யும்.

கதவில் வருவதெல்லாம் வடிகட்டிய தண்ணீர் இல்லை

இதை முதலில் சோதித்துப் பாருங்கள். மலேசியாவில் விற்கும் தண்ணீர் வசதியுள்ள ஐஸ்பெட்டிகளில் பல, குழாயோடு இணைக்காதவை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். நாமே நிரப்ப வேண்டும். அவற்றில் பலவற்றில் ஃபில்டரே கிடையாது. நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் குளிர்ந்து வெளியே வருகிறது. பின்பக்கம் சுவரிலிருந்து கால் அங்குல வெள்ளைக் குழாய் ஒன்று வந்து சேர்ந்திருந்தால் மட்டுமே ஃபில்டர் இருக்க வாய்ப்புண்டு. அதிலும் கவனம் தேவை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு அடைப்பானை மாட்டினாலோ, சில மாடல்களில் எதையும் மாட்டாமல் விட்டாலோகூட தண்ணீர் வழக்கம்போல் வரும், வடிகட்டாமல்.

தொட்டி வகை வைத்திருப்பவர்கள் அதை வாரம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். மூடியின் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது கிருமிப் படலம். குளிர் கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

கரி செய்யும் வேலை

ஐஸ்பெட்டி ஃபில்டருக்குள் இருப்பது அழுத்திக் கட்டிய கரி, பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைக் கரி. குளோரின் வாடையை நன்றாக எடுக்கும். தண்ணீர் ருசியாகும். மண், துருத் துகளைக் கொஞ்சம் தடுக்கும். சான்று பெற்ற நல்ல ஃபில்டர் காரீயத்தையும் சில ரசாயனங்களையும், ஜியார்டியா போன்ற நுண்ணுயிர்களின் கூடுகளையும் குறைக்கும். ஃபுளோரைடு, நைட்ரேட், கரைந்த உப்பு எதையும் அது பெரிதாகத் தொடாது. பாக்டீரியாவையும் வைரஸையும் வடிகட்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது. கிருமிப் பாதுகாப்பு உறுதியில்லாத தண்ணீருக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

பழைய ஈய லம்பக் குட்டைகளை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈயத் தாது கிடைக்கும் இடத்தில் ஆர்செனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்து கிடப்பதுண்டு. ஆர்செனிக்கைக் கரி நம்பும்படி எடுக்காது. அந்தத் தண்ணீரை ஆய்வகத்தில் சோதிக்காமல் எந்த ஃபில்டரில் ஊற்றியும் குடிக்க வேண்டாம்.

இந்த ஃபில்டர் ஏன் சுமாராக வேலை செய்கிறது? கரி மட்டமானது என்பதால் இல்லை. கார்ட்ரிட்ஜ் சிறியது, தண்ணீர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வேகத்தில் ஓடிவிடுகிறது. கரியோடு தண்ணீர் உறவாடும் நேரம் சில விநாடிகள்தான். சிங்க்கின் அடியில் பொருத்தும் கரி ஃபில்டரும் இதே சரக்குதான், ஆனால் பல மடங்கு பெரியது. அதனால் அதிகம் பிடிக்கும், அதிக நாள் தாங்கும்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020 பிப்ரவரியில் ஓர் ஆய்வை வெளியிட்டன. கடையில் புதிதாக வாங்கியவற்றை விட்டுவிட்டு, மக்கள் வீட்டில் பொருத்திப் புழங்கிக்கொண்டிருந்த 76 ஃபில்டர்களைச் சோதித்தார்கள். பார்த்தது பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனங்களை. ஒட்டாத சட்டியிலும் தீயணைப்பு நுரையிலும் புழங்கும், எளிதில் அழியாத சரக்கு. மெல்லிய சவ்வு வழியே வடிக்கும் ஆர்ஓ ஃபில்டர்களும் சிங்க்கடி இரண்டடுக்கு ஃபில்டர்களும் 94 விழுக்காட்டுக்கு மேல் நீக்கின. ஜாடி, ஐஸ்பெட்டி போன்ற கரி வகைகள் சராசரியாக 73 விழுக்காடு நீக்கின. சராசரியை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரு வீட்டில் முழுதாக எடுத்தது, இன்னொரு வீட்டில் ஒன்றுமே செய்யவில்லை. வீட்டு நுழைவாயிலில் பொருத்தும் பெரிய ஃபில்டர்கள் சிலவற்றில் வடித்த பிறகு அந்த ரசாயனம் கூடியே இருந்தது.

அப்படியானால் ஆர்ஓ வாங்கிவிடலாமா? சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த ஆசை வரும். அங்கே ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். ஆர்ஓ இல்லாமல் வாயில் வைக்க முடியாத பகுதிகள் உண்டு. அந்த இந்தியாவிலேயே, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு குவளை நல்ல தண்ணீருக்குப் பல குவளைத் தண்ணீரைச் சாக்கடையில் விடும் இயந்திரம் அது. ஃபுளோரைடையும் சேர்த்து எடுத்துவிடும். ஈப்போவில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்கு ஆர்ஓ அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

செராமிக் கூம்பு வைத்த அடுக்குப் பானை மெதுவாக வடிக்கும். நல்ல கூம்பாக இருந்தால் பாக்டீரியாவைத் தடுக்கும். தேய்த்துக் கழுவி மீண்டும் போடலாம், மலிவு. யூவி விளக்கு கிருமியை முடக்கும், வேறெதையும் நீக்காது. கலங்கல் தண்ணீரில் அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யாது.

வாசலில் நிற்கும் சாண்ட் ஃபில்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழுப்புத் தண்ணீர்த் தொல்லைக்கு அதுதான் சரியான பதில். முறையாக பேக்வாஷ் செய்தால் சேறும் துருவும் வீட்டுக்குள் வராது. ஆனால் குளோரினையும் சேர்த்து எடுக்கும் கரி வகையை வாசலில் வைத்தால், தொட்டியிலும் குழாயிலும் காவல் இல்லாத தண்ணீர் நிற்கும். குளோரின் நமக்கு வாடை, கிருமிக்கு எமன். அதைக் குடிப்பதற்குச் சற்று முன்னால் நீக்குவதே முறை. அந்த ஒரு விஷயத்தில் ஐஸ்பெட்டி ஃபில்டர் சரியான இடத்தில் இருக்கிறது.

பழுப்பாக மாறும் தண்ணீர்

வாசலில் நடக்கும் ஒரு வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனையாளர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுப்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய ஃபில்டர் தண்ணீர். மின் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கிச் சுவிட்சைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் உங்கள் குவளை பழுப்பாகி, நுரைத்து, அருவருப்பாக மாறும். அவருடையது பளிங்குபோல் இருக்கும். வீட்டம்மா முகம் மாறிவிடும். ஒப்பந்தத் தாள் வெளியே வரும்.

அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. குழாய்த் தண்ணீரில் இயல்பான தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, கம்பி கரைகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பில்லாததால் பாயவில்லை. அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். டிடிஎஸ் மீட்டரும் இப்படித்தான். கரைந்த உப்பை மட்டும் அளக்கும், கிருமியையோ காரீயத்தையோ தனித்துக் காட்டாது. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எண்ணைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள்

பெட்டியில் "99 விழுக்காடு தூய்மை" என்று இருப்பதில் பொருள் ஒன்றும் இல்லை. எதில் 99? தரச் சான்று தரும் என்எஸ்எஃப் அமைப்பின் சான்று எண்ணைத் தேடுங்கள். 42 என்றால் குளோரினும் வாடையும் ருசியும். 53 என்றால் காரீயம் போன்ற உடல்நலக் கேடுகள். அதிலும் எந்தப் பொருளுக்குச் சான்று என்று பட்டியல் இருக்கும். 401 மருந்து எச்சங்கள் போன்றவற்றுக்கு, 58 ஆர்ஓவுக்கு, 55 யூவிக்கு. 42 மட்டும் உள்ள ஃபில்டர் ருசி ஃபில்டர்தான். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ்களில் போலிகள் உண்டு. அமெரிக்கச் சுங்கத் துறையே போலி ஐஸ்பெட்டி ஃபில்டர்களைப் பிடித்திருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்பார்கள். பல கார்ட்ரிட்ஜ்களின் அளவு 200 கேலன், அதாவது சுமார் 750 லிட்டர். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு நாலு லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில், இந்த வெயிலுக்கு, குடிக்க மட்டுமே நாளுக்குப் பத்து லிட்டர் போகும். இரண்டரை மாதத்தில் அதன் கதை முடிந்துவிடும். சிவப்பு விளக்கு எரியட்டும் என்று காத்திருப்பதும் சரியில்லை. அந்த விளக்கு நாளையோ ஓடிய அளவையோ எண்ணுகிறதே தவிர, தண்ணீரைச் சோதிப்பதில்லை. காலாவதியான ஈரக் கரி கிருமிக்கு நல்ல குடியிருப்பு. ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் இரண்டு மூன்று லிட்டரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

வாடகை ஃபில்டர்காரர்களுக்கு நான் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் கட்டும் பணத்தைக் கூட்டினால் தலை சுற்றும். ஆனால் அந்தப் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது இயந்திரம் அல்ல, தேதி தவறாமல் வந்து கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டுப் போகும் ஆள். தானாக மாற்றும் பழக்கம் இல்லாத வீட்டுக்கு அது பயன்தான். பழக்கம் உள்ள வீட்டுக்கு வாசலில் ஒரு சாண்ட் ஃபில்டர், சிங்க்கின் அடியில் 42, 53 இரண்டும் பெற்ற கரி ஃபில்டர் போதும். ஐஸ்பெட்டி ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும்; அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து ஐஸ்பெட்டி வாங்க வேண்டாம்.

புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த முதியவர்கள் உள்ள வீடுகளில் ஐஸ்பெட்டித் தண்ணீரையும் அதன் ஐஸ் கட்டியையும் தவிர்த்து, கொதித்து ஆறிய தண்ணீரைக் கொடுங்கள். கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கும் தாய்மார்களும் எந்த ஃபில்டரையும் நம்ப வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதுதான் காரணம்.