மிட்செல் ஊரின் கல் ராக்கெட்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மிட்செல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 4,000. அங்கே 44 அடி உயரத்தில் ஒரு ராக்கெட் நிற்கிறது. இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை, முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்த வட்டாரமே கல்குவாரிகளுக்குப் பேர் போனது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கும் பென்டகனுக்கும் இந்தப் பக்கத்துக் கல்தான் போனது. தங்கள் ஊர்ப் பையனுக்கு நினைவுச்சின்னம் என்றதும் அவர்கள் வேறு எதைத் தேடப்போகிறார்கள்?

அந்தப் பையன் கஸ் க்ரிஸ்ஸம், 1926ல் பிறந்தவர். சின்னம் நிற்பது அவர் படித்த தொடக்கப்பள்ளி இருந்த இடத்தில். நாசா முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கதவுதான்.

கதவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய க்ரிஸ்ஸம், மிட்செலில் இருந்த பஸ் பாடி கட்டும் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். என்ன வேலை தெரியுமா? பள்ளிப் பேருந்துகளுக்குக் கதவு மாட்டுவது! பிறகு பர்டூ பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங், விமானப்படை, கொரியப் போரில் 100 தடவை பறந்தது என்று வாழ்க்கை வேறு திசையில் போய்விட்டது.

1961 ஜூலை 21. லிபர்ட்டி பெல் 7 கலத்தில் 15 நிமிடம் பறந்து அட்லாண்டிக் கடலில் இறங்கினார். ஹெலிகாப்டர் வந்து தூக்குவதற்குள் கதவு படாரென்று வெடித்துத் திறந்துகொண்டது. 70 போல்ட்டுகளை ஒரே நேரத்தில் உடைக்கும் வெடிமருந்து அதில் உண்டு. உள்ளே தண்ணீர் புகுந்து கலம் மூழ்கியது, க்ரிஸ்ஸம் நீந்தித் தப்பித்தார். பதறிப்போய் அவரே பொத்தானை அழுத்திவிட்டார் என்ற பேச்சு கிளம்பியது. தான் தொடவே இல்லை என்று கடைசிவரை சொன்னார்.

இதில் நான் அவர் பக்கம். காரணம் 1962ல் கிடைத்த ஒரு சான்று. வால்லி ஷிர்ரா தன் பயணத்தின் முடிவில் வேண்டுமென்றே அதே மாதிரிக் கதவை வெடிக்க வைத்தார். பொத்தான் திருப்பி அடித்த வேகத்தில் கையுறையையும் மீறி அவர் கையில் காயம். க்ரிஸ்ஸம் கையில் அப்படி எந்தக் காயமும் இருந்ததில்லை. 1999ல் கலத்தையே கடலடியிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் கதவு கிடைக்கவில்லை.

1965 மார்ச் 23, ஜெமினி 3. கூடப் போனவர் ஜான் யங். கலத்துக்கு க்ரிஸ்ஸம் வைத்த பெயர் 'மோலி பிரவுன்', அதாவது "மூழ்காத மோலி பிரவுன்" என்ற மேடை நாடகத்தின் நாயகி. நாசாவுக்குப் பிடிக்கவில்லை. சரி, வேண்டாமென்றால் 'டைட்டானிக்' என்று வைக்கட்டுமா என்றதும் பழைய பெயரே பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். பூமியை மூன்று சுற்று சுற்றிக் கடலில் இறங்கிய பிறகு, உள்ளே புழுக்கம், அலையில் வாந்தி வேறு. அப்படியும், நீச்சல் வீரர்கள் வந்து மிதவையைக் கட்டி முடிக்கும்வரை கதவைத் திறக்கவே இல்லை மனுஷன்.

மூன்றாவது கதவுதான் கொடுமை. அப்போலோ கலத்தின் உட்கதவு உள்பக்கமாகத் திறக்கும். தவறுதலாகத் திறந்துவிடக்கூடாது என்ற கவலையும் அந்த வடிவமைப்புக்கு ஒரு காரணம். (மென்பொருளிலும் இப்படித்தான், பழைய பிழைக்குப் போட்ட பூட்டு புதுப் பிழைக்கு வழிவிடும்.) 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகை நடந்தது. ராக்கெட்டில் எரிபொருள்கூட இல்லை. ஆனால் கலத்துக்குள் முழுக்க ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில். ஒரு தீப்பொறி போதுமானதாக இருந்தது. நெருப்பில் உள்ளே அழுத்தம் ஏறஏற, கதவின் மேல் ஆயிரக்கணக்கான கிலோ விசை. எந்த மனிதனாலும் அதை உள்ளே இழுத்திருக்க முடியாது. ஒத்திகையிலேயே ஒன்றரை நிமிடம் பிடித்த கதவு அது. க்ரிஸ்ஸமோடு எட் வைட்டும் ரோஜர் சாஃபியும் இறந்தார்கள். அதன்பிறகுதான் சில நொடிகளில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு வந்தது. நிலவுக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தக் கதவோடுதான் போனார்கள்.

   

சிலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஊருக்கு வெளியே ஸ்பிரிங் மில் மாநிலப் பூங்காவில் இருக்கிறது. 1971ல் திறந்த க்ரிஸ்ஸம் நினைவகம். மாதிரி இல்லை, அசல் மோலி பிரவுனே அங்கேதான் இருக்கிறது. ஜெமினி கலம் அவருடைய அளவுக்கே தைத்த சட்டை மாதிரி. உயரமான வீரர்களுக்கு உள்ளே தலை இடிக்கும் என்பதால் 'கஸ்மொபைல்' என்று கேலி செய்வார்களாம். ஒரு சின்னக் காரின் முன்சீட்டு அளவு இடம். அதில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.